காற்றுக்கு எதிராகப் போன தக்கை

காத்து, கருப்பு என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால், "கடைசியா எப்ப சுகர் பாத்தீங்க?" என்று கேட்கிற ஆள் நான். ஒரத்தநாட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணாடி ஸ்லைடும் மைக்ரோஸ்கோப்பும்தான். அதன் அடியில் வைத்துப் பார்க்க முடியாத எதற்கும் நான் பயந்ததில்லை. அதனால் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமே இல்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது. நடு ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில் நடந்தது. பக்கத்தில் என் தம்பியும் இருந்தான்.

எங்கள் வீட்டில் தூண்டில் பைத்தியம் எனக்கும் என் தம்பி ரகுவுக்கும் மட்டும்தான். என் கணவர் மீன் குழம்பு சாப்பிடுவதோடு சரி. ரகு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். மற்றவர்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து சோப்பும் சாக்லேட்டும் வருகிற மாதிரி எங்கள் வீட்டுக்கு ராடும் ரீலும் வரும். போன ஆடி மாதம் லீவில் வந்தவன் மடித்துப் பையில் வைக்கிற ஒரு ரப்பர் படகையே கொண்டுவந்து கூடத்தில் விரித்துவிட்டான். காலால் பம்பை மிதித்துக் காற்றடித்தால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல தண்ணில எறங்குறதுக்கு பதிலா மெத்தையா போட்டு படுக்கலாம்டா" என்றார்.

படகு வந்துவிட்டது என்றால் நான் வேறு எங்கே போவேன், மன்னார்குடி சாலையில் போய் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு பெரிய ஏரிக்குத்தான். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே எனக்கு உட்கார இடம் இருக்காது. ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் என் கணவரோடு படித்தவர், அதனால் தூண்டில் போட எங்களுக்குத் தடை இல்லை. கரையிலிருந்து எத்தனை வீசினாலும் எட்டாத தூரத்தில், ஏரிக்கு நடுவே கட்லா மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பல மாதமாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் தலையே சின்னப் பானை அளவு இருக்கும்.

கட்லா இரையைக் கடிக்காது, உறிஞ்சும். அதற்காகக் கடலைப் புண்ணாக்கு, வறுத்த தவிடு, மைதா, கனிந்த வாழைப்பழம், வாசனைக்கு ஏலக்காய் எல்லாம் போட்டுப் பிசைந்து, ஒரு கம்பிச் சுருளைச் சுற்றி உருண்டையாகப் பிடிக்க வேண்டும். சுற்றிலும் சின்னச் சின்ன முள் தொங்கும். தண்ணீரில் உருண்டை கரையக் கரைய மீன் கூடவே முள்ளையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். பதமாகப் பிசைந்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பாதி உருண்டை கரைந்திருக்கும். அன்று காலையில் நானும் ரகுவும் சமையலறையில் சண்டை போட்டுக்கொண்டே அப்படித்தான் பிசைந்தோம்.

ஏரிக்கரையை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. கரையோரத்து அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. மேலக்காற்று வேறு தள்ளுகிற தள்ளில் நிற்க முடியவில்லை. படகுக்குக் காற்றடித்து, இருவரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, நடு ஏரிக்குத் துடுப்புப் போட்டுப் போய், மணல் மூட்டையை இறக்கி நங்கூரமாக நிறுத்தினோம். நான் வீசினேன். சிவப்புத் தக்கை தண்ணீரில் நிமிர்ந்து நின்றது. அந்தத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சுகத்தைத் தூண்டில் போடாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

தக்கை ஒரு தடவை நடுங்கியது. அவ்வளவுதான். அடுத்த நொடி ரீல் கிர்ரென்று கத்த ஆரம்பித்தது. ராடு வளைந்து அதன் நுனி தண்ணீரைத் தொட்டது. "ரகு, மூட்டைய தூக்குடா, மூட்டைய தூக்கு" என்று கத்தினேன். பெரிய மீன் மாட்டினால் அதோடு மல்லுக்கட்டக் கூடாது, படகை அதன் பின்னாலேயே விட்டுக் களைக்க வைக்க வேண்டும். ரகு மணல் மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டதுதான் தாமதம், படகு கிளம்பிவிட்டது. நம்பினால் நம்புங்கள், இரண்டு ஆள், மூட்டை, சாப்பாட்டுக் கூடை எல்லாவற்றோடும் அந்தப் படகு மேற்கே பார்த்து, எதிர்க்காற்றில், யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரிப் போனது. அலை முகத்தில் அடிக்கிறது, நான் சிரிக்கிறேன், ரகு சிரிக்கிறான். அவன் போனை எடுத்து வீடியோ பிடிக்கப் பார்த்தான், கை ஈரத்தில் போன் வழுக்கிப் படகுக்குள் விழுந்தது. "கெடக்கட்டும் விடுடா, துடுப்ப புடி" என்றேன். அத்தனை சந்தோஷமாக நான் இருந்து பல வருஷம் ஆகியிருக்கும்.

பாதி தூரம் போன பிறகுதான் ஏதோ உறுத்தியது. நான் பிடித்த கட்லாவுக்குக் கணக்கில்லை. கட்லா ஓடும், நிற்கும், தலையை ஆட்டும், அடியில் போய்ப் படுக்கும். அந்த ஆட்டமெல்லாம் தூண்டில் நரம்பு வழியாகக் கைக்கு வரும். இது தலையை ஆட்டவே இல்லை. ஒரே சீராக இழுத்தது. அப்புறம் தக்கையைப் பார்த்தேன். மீன் இழுத்தால் தக்கை முழுக வேண்டும், இல்லையென்றால் படுக்க வேண்டும். எங்கள் தக்கை முழுகவில்லை. படகுக்கு முன்னால், நிமிர்ந்து நின்றபடியே, காற்றுக்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தது.

ரகுவும் பார்த்துவிட்டான். சிரிப்பு நின்றது.

"அக்கா, இது மீன் மாதிரி தெரியல. அறுத்து விட்டுரலாம்."

"அறுக்காதடா ரகு."

"தாமரைக்காட்டுக்குள்ள போவுதுக்கா. அங்க மண்ணு அள்ளுன பள்ளம் இருக்கு. மாட்டிகிட்டா படகு கிழிஞ்சிரும்."

அவன் கத்தியை எடுத்துவிட்டான். அவன் சொன்னது முழுக்க நியாயம். வேறு நாளாக இருந்தால் நானே அறுத்திருப்பேன். ஆனால் நான், "அறுக்காத, விட்டுறாத, இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றேன். எதற்கு இன்னும் கொஞ்ச தூரம், எனக்கு அங்கே என்ன தெரியும்? வாயில் வந்தது, சொன்னேன். நரம்பு என் ஆள்காட்டி விரலை அறுத்து ரத்தம் ராடில் வழிந்துகொண்டிருந்ததுகூட அப்போது தெரியவில்லை.

மேற்கு மூலையில் ஏரி முழுக்கத் தாமரை. ஆள் உயரத்துக்குச் சம்புப் புல் வேறு சுற்றி நிற்கும், கரையிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒன்றும் தெரியாது. படகு இலைகளை மடக்கிக்கொண்டு உள்ளே போனது. தக்கை ஓரிடத்தில் நின்றது. நரம்பு சட்டென்று தொய்ந்தது.

யாரோ இருமுகிற மாதிரி ஒரு சத்தம்.

இலைகளுக்கு நடுவில் ஒரு முகம். முகம் மட்டும். மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு, மூக்கும் வாயும் தண்ணீருக்கு மேலே இருக்க, கண்கள் மூடியிருந்தன. எங்கள் தக்கை அந்த ஆளின் கன்னத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தது.

நான் ராடைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்து அவர் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தேன். வரவில்லை. கீழே எதுவோ பிடித்திருந்தது. ரகு கத்தியோடு தண்ணீரில் இறங்கிவிட்டான். நரம்பை அறுக்க எடுத்த கத்தி. யாரோ போட்டுவிட்டுப் போன பழைய நைலான் வலை அவர் இரண்டு காலையும் சுற்றியிருந்தது. ரகு மூச்சுப் பிடித்து உள்ளே போவதும் மேலே வருவதுமாக அறுத்தான். அவன் உள்ளே போகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது. கடைசியில் கால் விடுபட்டதும் இருவரும் சேர்ந்து அவரைப் படகுக்குள் உருட்டினோம். வயிற்றை அழுத்த அழுத்தத் தண்ணீராக வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்து, தலையெல்லாம் சேறாக நின்ற என் தம்பியைப் பார்த்து, "நீங்கதான் ரகுவா?" என்றார்.

நான் போட்ட சத்தம் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கரைக்குத் திரும்பும்போது துடுப்பில் நரம்பு சிக்கக் கூடாது என்று ரீலைச் சுற்றினேன். நரம்பு லேசாக வந்தது. கடைசியில் இரை உருண்டை மேலே வந்தது. முழு உருண்டை. காலையில் நான் பிடித்தபோது பதிந்த என் விரல் அடையாளம்கூட அப்படியே இருந்தது. ஒரு முள்ளும் விலகவில்லை. எதுவும் அதை உறிஞ்சவில்லை, எதுவும் கடிக்கவில்லை, அந்த உருண்டை தண்ணீரில் கரையக்கூட இல்லை. அப்படியானால் ஏரியின் பாதி அகலத்துக்கு எங்களை இழுத்துக்கொண்டு வந்தது எது? ரகுவிடம் காட்டினேன். அவன் வாங்கித் தண்ணீரில் உதிர்த்துவிட்டான்.

அவர் பெயர் முருகையன். ஏரிக்கரை ஊர்க்காரர். அம்மன் கோயிலுக்குத் தாமரைப் பூ பறிக்க லாரி டியூபில் மிதந்துகொண்டு போயிருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சரி, ஒரு உயிர் பிழைத்தது, அதற்கு மேல் எதற்கு யோசிக்க வேண்டும் என்று நானும் தேற்றிக்கொண்டேன். இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கவே மாட்டேன்.

அவர் உடம்பு தேறியதும் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு நானும் ரகுவும் போனோம். கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான்தான் கேட்டேன்.

"நீங்க எப்பண்ணே மாட்டுனீங்க?"

"கோயில்ல மொதப் பாட்டு போட்டாங்க பாருங்க, அப்ப. எட்டி ஒரு பூவ புடிச்சேன், டியூப்பு வழுக்கிருச்சு. கால வலை சுத்திகிச்சு. டியூப்பு காத்துல போயிருச்சு. கத்துனா வாயில தண்ணி போவுது. பாட்டு சத்தத்துல யாருக்கு கேக்கும்?"

முதல் பாட்டு என்றால் விடிந்த கையோடு. நாங்கள் அப்போது வீட்டை விட்டே கிளம்பவில்லை.

"அவ்ளோ நேரம் எப்படிண்ணே தாங்குனீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்கதான் பேசிகிட்டே இருந்தீங்களே தங்கச்சி."

"நானா?"

"காதுகிட்டயே கேட்டுச்சு. கரையில யாரோ நிக்கிறாங்க, எப்படியும் பாத்துருவாங்கன்னு நெனச்சுதான் உசுர புடிச்சுகிட்டு இருந்தேன். 'ஏலக்கா போதும்டா, நாம என்ன பாயசமா வெக்கிறோம்'னீங்க. அந்த நெலமையிலயும் எனக்கு சிரிப்பு வந்துருச்சு."

அதை நான் சொன்னேன். என் வீட்டுச் சமையலறையில், இரை பிசையும்போது ரகுவிடம் சொன்னேன். எங்கள் வீட்டுக்கும் அந்த ஏரிக்கும் நடுவில் எத்தனை ஊர், எத்தனை வயல். முருகையன் ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கிளம்பும்போது பைக்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று நான் ரகுவிடம் கேட்டது. மூட்டையைத் தூக்கச் சொன்னது. அறுக்காதே என்றது. எதுவும் மாறவில்லை, வரிசைகூட மாறவில்லை. என் கையிலிருந்த பழப் பையை ரகு வாங்கிக் கட்டில் ஓரமாக வைத்தான்.

"எல்லாம் வெளங்குது. ஒண்ணுதான் வெளங்கல" என்றார் முருகையன். "நடுவுல ஒருக்கா, 'நீ போடா ரகு, நான் இங்கயே இருந்துக்குறேன்'னீங்க. அத மட்டும் நல்லா சிரிச்சுகிட்டே சொன்னீங்க. அது எதுக்கு தங்கச்சி?"

நான் ரகுவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அன்று நான் அப்படிச் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை, வழியிலும் சொல்லவில்லை, படகிலும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பைக்கில் ரகு, "மயக்கத்துல என்னமோ கேட்டுருக்கும், விடுக்கா" என்றான். கொஞ்ச தூரம் போய் அவனே மறுபடி, "நீ சொல்லலல்ல?" என்றான்.

"இல்லடா."

"சொல்லவும் சொல்லாத."

அவன் லீவு முடிந்து திருச்சி விமான நிலையத்துக்கு எல்லோருமாகப் போனோம். அம்மா வழக்கம்போல அழுதார். ரகு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரித் திரும்பி வந்து, "இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டு போவவாக்கா?" என்றான். அவன் நின்ற நிலையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "நீ போடா ரகு" என்றேன்.

என் வாயை நானே கையால் பொத்திக்கொண்டேன். அவன் முகம் வெளுத்ததை அம்மாவும் என் கணவரும் பார்த்தார்கள், ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. அவன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

இந்தப் பொங்கலுக்கு வருகிறானாம். படகை வெயிலில் காயப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறான். சரி என்றேன். போனில் அவனிடம் இப்போதெல்லாம் அதற்கு மேல் நான் பேசுவதில்லை. விமான நிலையத்தில் பொத்திக்கொண்ட மீதிச் சொற்கள் இன்னும் நாக்கிலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது.