அம்மாவிடம் காட்ட வேண்டிய படம்

சேரப்பணஞ்சேரியில் ஒரு நிச்சயதார்த்தத்தைப் படமெடுக்க விளக்குகளைப் பொருத்திக்கொண்டிருந்தேன். மீதி விளக்கை எடுத்துக்கொண்டு மாரியம்மாள் ஸ்கூட்டரில் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததும், "இன்னும் எங்க சுத்திகினு இருக்க?" என்று எரிந்து விழுந்தேன். பேசியவர் வேறொருவர். "இந்த போனு வச்சினு இருந்தவங்க உங்களுக்கு இன்னா வேணும் சார்? ஒரகடத்தாண்ட லாரி அடிச்சிடிச்சி. சீக்கிரம் வாங்க." போனேன். சீக்கிரம் போய் ஆகப்போவது எதுவும் அங்கே இருக்கவில்லை.

சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் என் ஸ்டுடியோவில் என்னோடு வேலை பார்த்தவர் அவர். நேரில் 'மாரி' என்றுதான் கூப்பிடுவேன். இப்படி 'அவர், இவர்' என்று எழுதுவதைப் பார்த்தால், "ஏண்ணே, எனக்கு வயசாயிருச்சா?" என்று கேலி செய்திருப்பார்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து செல்போன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர். வரன் பார்க்க ஊருக்கு அனுப்ப வேண்டுமென்று படம் எடுத்துக்கொள்ள வந்தார். எங்கள் தொழிலின் வழக்கப்படி முகத்துக்கு நேராக விளக்குகளைப் போட்டு எடுத்து, கம்ப்யூட்டரில் கலர் ஏற்றி வெளுப்பாக்கிக் கொடுத்தேன். கறுப்பாக இருப்பவர்களுக்கு அவர்கள் கேட்காமலேயே நாங்கள் செய்கிற மரியாதை அது. படத்தை வாங்கிப் பார்த்தவர், "யாருண்ணே இவ?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அப்போ நீயே வந்து எடு" என்றேன். அடுத்த வார லீவில் மெய்யாகவே வந்து நின்றார். கம்பெனியில் ஒப்பந்தம் முடிந்ததும் முழுநேரமாக வந்துவிட்டார்.

ஸ்டுடியோ வெளிச்சத்தை இருவரும் சேர்ந்துதான் கற்றோம். அடையாள அட்டைப் படத்துக்கு மேல் எனக்கும் எதுவும் தெரியாது. ஒருவர் நாற்காலியில் உட்கார, மற்றவர் விளக்கை நகர்த்துவோம். மூக்கின் நிழல் உதட்டின் மேல் மீசையாக விழும். கண் இருக்க வேண்டிய இடத்தில் குழிதான் தெரியும். "பேய் மாதிரி இருக்கேண்ணே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். முகம் இருட்டாக விழுந்தால் வெளிச்சத்தைக் கூட்டுவதுதான் என் புத்தி. "கூட்டாதீங்கண்ணே, தள்ளி வைங்க. பக்கத்துலருந்து வரட்டும்" என்பார்.

ஒருநாள் வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் துணிக்கூடு மாட்டிய விளக்கைப் பக்கவாட்டில் நிறுத்தி, மறுபக்கம் தெர்மோகோல் அட்டையைச் சாய்த்து வைத்து அவரை எடுத்தேன். நெற்றியிலும் கன்னத்து எலும்பிலும் வெளிச்சம் மெல்ல வழுக்கிக்கொண்டு போயிருந்தது. அந்தக் கறுப்பு அத்தனை அழகு. கலர் ஏற்றவில்லை.

"இதாண்ணே நான்," என்றார். "கோயில் கொடைக்கு ஊருக்குப் போறப்ப எங்கம்மாட்ட காட்டணும்." அதுவரை கடைச் சுவரில் இருக்கட்டும் என்று சட்டம் போட்டு மாட்டினோம். கொடை இன்னும் வரவில்லை.

அவர் இறந்த மறுநாள் காலையே, அவரோடு தங்கியிருந்த ஹாஸ்டல் தோழிகள் பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்துவிட்டார்கள். கைக்குக் கிடைத்த பழைய கம்பெனி அடையாள அட்டையைப் பேனர் கடையில் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர், செத்துப்போன பெண்ணுக்கு நம்மால் முடிந்தது என்று முகத்தை நன்றாக வெளுப்பாக்கிக் கொடுத்திருந்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கடைக்காரர் பிரியமாகச் செய்தது என்பதால் யாரிடமும் அதைக் கொட்ட முடியவில்லை.

ஊரிலிருந்து மாரியின் அம்மா தன் மகனோடு வந்து அந்த நிறுத்தத்தில்தான் இறங்கினார். அழுதுகொண்டே இறங்கியவர், பேனரைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினார்.

"ஏல, இது நம்ம மாரி இல்லல!" முகத்தில் உயிர் வந்துவிட்டது. "பேரு ஒண்ணா இருக்கும். மூஞ்சி வேறல்லா. யாரு பெத்த புள்ளயோ, பாவம்." தோழிகளோடு அழைத்துப்போக வந்திருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யா, ஒங்க கடையில எம்புள்ள போட்டோ இருக்கும்லா? எடுத்து இவங்களுக்குக் காட்டுங்க."

கடைக்குக் கூட்டிப்போனேன். ஷட்டரைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. அந்தத் தாய் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நம்பிக்கொண்டிருக்கட்டும் என்றிருந்தது. தூக்கினேன். விளக்கைப் போட்டேன்.

"இந்தா இருக்காள்லா எம்மவ!" சுவரருகே ஓடிப்போய்ப் படத்தின் கன்னத்தைத் தடவினார். "இவதான் எம்புள்ள. அது வேற யாரோ."

"பேனர்ல இருக்கறதும் இவங்கதாம்மா" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிணவறைக்குப் போகும்போது படத்தைக் கழற்றித் தரச் சொன்னார், கொடுத்தேன். பேனரை அன்றே மாற்றிவிட்டோம். இப்போது நிறுத்தத்தில் இருப்பது மாரியின் முகம்தான்.

மாரி, அம்மாட்ட காட்டிட்டேன். போய் வா.