ஓ ஆத்தா

…மருமகளோட பேச்சுவார்த்தையே இல்லையாம் தங்கச்சி. பிரிஞ்சாங்ல ஸ்ட்ராபெரி விக்கிறாளே, அவதான். ஒரே அடுப்படி, ஆளுக்கு ஒரு ஒல வச்சு ஆக்குறாங்களாம். கேட்டதுலேருந்து எனக்குச் சிரிப்புத் தாங்கல. நீ உக்காரு, அந்த வாளியத் தள்ளிட்டு உக்காரு. எங்க வீட்டுல நேர்மாறு லா. என் மருமக பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. ஆனா அவ பேசுறதுல பாதி எனக்கு விளங்காது. எல்லாம் கம்ப்யூட்டர் சமாசாரம்.

திரிங்காப்ல பூ சேத்து அனுப்புற கொட்டாயிலதான அவ வேலை பாக்குறா. நம்மள மாதிரி வீட்டோரமா செவ்வந்தி போடுறவங்க அங்க கொண்டு போய்க் கொடுப்போம். அங்கேருந்து லோரியில கோலாலம்பூர் போகும். எத்தன கட்டு, என்ன நிறம்னு முன்னெல்லாம் போன் போட்டுச் சொல்லுவாங்க. இப்ப அவ ஒண்ணு செஞ்சிருக்கா. நாம இங்க போன்ல அமுக்குனா, அங்க பூ வாங்குறவங்க கம்ப்யூட்டருக்கு நேரா போயிரும். நடுவுல ஒரு பாலம் மாதிரி. அதுக்குப் பேரு கனெக்டராம். கடையில வாங்குனது இல்ல, இவளே உக்காந்து கட்டுனது.

பாலம் கட்டியாச்சு. ஆனா அந்தப் பக்கம் ஒரு கதவு இருக்காம். போய்த் தட்டுனா "யாரு"ன்னு கேக்குமாம். அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் பல நாளா மோட்டுவளயப் பாத்துக்கிட்டே இருந்தா.

நான் கங்கொங் கீர ஆஞ்சிக்கிட்டிருக்கேன், அவ பாட்டுக்குச் சொல்றா. கதவத் தொறந்தே போட்டுறலாமாம், எவன் வேணாலும் நுழையலாம், அது ஆகாது. இல்லேன்னா மொத்தக் கொட்டாய்க்கும் ஒத்தச் சாவி, எல்லாருக்கும் அதயே காட்டிக்கலாம். இல்லேன்னா ஆளாளுக்கு ஒரு பேரு, ஒரு ரகசியச் சொல்லு, அத பாலத்துக்கிட்டயே கொடுத்து வைக்கணும். கடைசியா ஒண்ணு. நாமளே கதவுக்கிட்ட போய் நிக்கணும். கதவு நம்மளப் பாத்துட்டு ஒரு சீட்டு கொடுக்கும். பாலம் அந்தச் சீட்ட மட்டும் தூக்கிட்டுப் போகும், நம்ம ரகசியம் அதுக்குத் தெரியாது. கொஞ்ச நாள்ல சீட்டு செல்லாமப் போயிரும், திரும்பப் போய் நின்னு வாங்கணும்.

"இதுக்கு என்னம்மா பேரு?"ன்னேன்.

"ஓ ஆத், அத்தை."

என் காதுல ஓ ஆத்தான்னு விழுந்துச்சு. பேத்தி அப்படித்தான என்னக் கூப்பிடுவா, இழுத்து இழுத்து. ஸ்கூல் விட்டு வந்துட்டாளோன்னு ஈரக் கையோட எந்திரிச்சுப் போய் வாசல்ல பாக்குறேன், ஒருத்தரையும் காணோம். உள்ள மருமக வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. அன்னையிலேருந்து எங்க வீட்டுல அதுக்குப் பேரே ஓ ஆத்தாதான்.

கொட்டாய் முதலாளிக்கு ஒத்தச் சாவி போதுமாம், வேலை சீக்கிரம் முடியும்ல. நானும் அவரு பக்கந்தான். எழுத்தே தெரியாத நான் எந்தப் பேர அமுக்குறது, எந்த ரகசியத்த அடிக்கிறது? ஆனா மருமக பிடிச்ச பிடிய விடல.

"ஒரே சாவின்னா அங்க இருக்கிறவங்களுக்கு நாம எல்லாரும் ஒரே ஆளு அத்தை. எவரோ அழுகுன பூவ அனுப்புனா உங்க பூவும் சேந்து திரும்பி வரும்."

அது நெசந்தான். போன மழையில அப்படித்தான எல்லார் பூவும் திரும்பி வந்து கெடந்துச்சு, நீதான் பாத்தியே. முதலாளி யோசிச்சுட்டு, சரி ஓ ஆத்தாவே போடு, எழுதப் படிக்கத் தெரியாதவங்க சொந்தக்காரங்க பேர்ல சேத்துக் கொடுத்துறட்டும்னு சொல்லிட்டாரு. அப்படின்னா என் பூவு என் கொழுந்தனாரு மகன் பேர்ல போவும். அவன் நல்ல பையந்தான், ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு மனசு ஆறல. என்னமோ நான் செத்துப் போன மாதிரி இருந்துச்சு.

ஏன்னு கேளு. நான் கல்யாணமாகி இந்தத் தேயிலத் தோட்டத்துக்கு வந்தப்ப ஆபீஸ்ல என் பேரே பதியல. நான் எடுக்கிற கொழுந்தெல்லாம் மாமியா நம்பர்லதான் ஏறும். அப்ப பனின்னா பனி தங்கச்சி, இப்ப மாதிரியா? முன்னால போற ஆளோட கூடை மட்டும் தெரியும், ஆளு தெரியாது. தராசுக்கிட்ட கங்காணி நின்னுக்கிட்டு "யாரு?"ன்னு கேப்பாரு. எல்லாரும் "நான்தான்"னு சொல்லுவோம். வேற என்னத்தச் சொல்றது? அந்த நான்தான்ல குரல வச்சே அவரு ஆளக் கண்டுபிடிச்சுருவாரு. என் குரல மட்டும் கண்டுபிடிச்சுட்டு மாமியா நம்பரக் கூவுவாரு.

ஒருநாள் என் கூடையில கைய விட்டுப் பாத்துட்டு, யாரு எடுத்தது, முத்தலே இல்லாம பிஞ்சா இருக்கேன்னு மெச்சுனாரு. நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள பின்னாடி பனிக்குள்ளேருந்து "நான்தான்"னுச்சு என் மாமியா. அன்னைக்குச் சாயங்காலம் வரக்கோப்பிக்கு வெல்லம் கடிச்சுக்கக் கொடுத்தப்ப, எனக்கு மட்டும் பெரிய துண்டு. கொடுத்துட்டுக் கண்ணச் சிமிட்டுச்சு. எனக்குக் கோவமே வரல, தெரியுமா? ரெண்டு பேரும் அடுப்புக்கிட்ட குந்தி, கொழுந்துப் பால் ஏறிக் கருத்த கைய நீட்டிக் காய வச்சிக்கிட்டு சிரிச்ச சிரிப்பு. காத்துல பேக்டரியில தேயில வறுபடுற வாசம். அந்த மனுஷி மாதிரி இனி யாரு இருக்கா. ஆனா பாரு, திட்டு விழுந்தாலும் அதுக்குத்தான், மெச்சுனாலும் அதுக்குத்தான். நான் எடுத்த கொழுந்து எதுன்னு யாருக்கும் தெரியாமலே போச்சு.

இதெல்லாம் நான் மருமகக்கிட்ட சொல்லல. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தேன், அவளே கண்டுக்கிட்டா. பக்கத்துல வந்து, எழுத்தே வேணாம் அத்தை, கதவு கேக்கிறப்ப போன்ல கட்டவெரல வச்சா போதும்னா. எனக்குத் தல கால் புரியல. கைய நல்லாக் கழுவி, முந்தானையில தொடச்சி வச்சேன்.

போனு எடுக்கல. நெத்தியில தேச்சு எண்ணெய ஒட்ட வச்சிப் பாத்தேன், எடுக்கல. அடுத்த வெரலு, அதுவும் இல்ல. எடுத்த கொழுந்துல எல்லா ரேகையும் தேஞ்சு போச்சு போல, கண்ணாடி மாதிரி இருக்கு. இந்தத் தோட்டத்துல இருந்த அத்தன வருஷமும் என் கையிலேருந்து வழிச்சி எடுத்துக்கிச்சு. நான் போனத் தூக்கி அவ மடியில வச்சிட்டு, விடு, அவன் பேர்லயே போவட்டும்னேன்.

அவ விடல. என் ரெண்டு கையயும் திருப்பித் திருப்பிப் பாத்தா, வளையல் கடைக்காரன் பாக்குற மாதிரி. பாத்துட்டு, "இந்தச் சுண்டுவெரலு வேலையே செய்யலயா அத்தை?"ன்னா. எங்க செய்யும்? கொழுந்து கிள்ளுறப்ப அது மட்டும் துரையம்மா டீ குடிக்கிற மாதிரி தனியா நீட்டிக்கிட்டு நிக்கும். இடது சுண்டுவெரல வச்சேன். போனு டிங்குன்னுச்சு. என் பேரு வந்துருச்சுன்னு மருமக வாசிச்சுக் காட்டுனா. நான் இன்னொரு வாட்டி வாசிக்கச் சொன்னேன்.

இப்ப கேளு கூத்த. நேத்து கோலாலம்பூர்லேருந்து ஒரு சேதி வந்துச்சு. எனக்கு மட்டும், கொட்டாய்க்கு இல்ல, கொழுந்தனாரு மகனுக்கு இல்ல. மருமக தயங்கித் தயங்கிப் படிக்கிறா: இந்தம்மா அனுப்புன மஞ்சச் செவ்வந்தியில காம்பு குட்ட, அடுத்த தடவ நீளமா வெட்டி அனுப்பணும்.

நான் சிரிச்ச சிரிப்புல அவ பயந்தே போயிட்டா. "திட்டு விழுந்திருக்கு அத்தை, சிரிக்கிறீங்க"ங்கிறா. பின்ன, என் பூவப் பாத்து, என் பேரச் சொல்லி விழுந்த திட்டாச்சே. அத யாரு நான்தான்னு வாங்கிக்க முடியும்? காலையில கத்திரிக்கோல எடுத்துக்கிட்டு நானே போய், மண்ணுலேருந்து நாலு வெரல் மட்டும் விட்டு, காம்பு நீளமா வெட்டுனேன்…

அய்யோ, அங்க பாரு, மல மேல இருட்டிக்கிட்டு வருது. என் செவ்வந்திப் பந்தல்ல பிளாஸ்டிக்க சுருட்டி வச்சிட்டு வந்துட்டேன், சாரல் அடிச்சா அத்தனயும் போச்சு. நீ அந்தப் பக்கத்துக் கயித்தப் பிடி தங்கச்சி, எந்திரி.