எல்க் மானுக்கு வைத்த சிவப்புப் புள்ளி

என் மனைவி கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விட்டு வருகிறவள். அவளுக்குப் போய், ஒரு மானை எங்கே சுட வேண்டும் என்று படம் போடும் வேலை வந்து சேர்ந்தது.

தரமணியில் இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு அடையாறு வீட்டிலிருந்தே படம் வரைந்து கொடுக்கிறாள். பெரும்பாலும் மிக்ஸி, குக்கர் வாங்கினால் கூடவே வருமே, அந்தக் கையேடுகளுக்கு. இந்த முறை அமெரிக்காவில் வேட்டைச் சாமான் விற்கும் கம்பெனி. எல்க் என்பது அந்த ஊர் மான். அதன் பக்கத்தில் நிறுத்தினால் நம் கிண்டி மான் குட்டி மாதிரி இருக்கும். புதிதாகத் துப்பாக்கி பிடிப்பவர்களுக்குக் குறி வைக்கும் இடத்தைச் சிவப்புப் புள்ளியால் காட்ட வேண்டும்.

மானை அழகாக வரைந்துவிட்டாள். புள்ளியைத்தான் வைக்கவில்லை. சாப்பிடும்போதும் அதே யோசனை.

"வேண்டாம்னு சொல்லிடேன்," என்றேன்.

"நான் இல்லேன்னா வேற யாராவது வைப்பாங்க."

கடைசியில் பின்தொடையில் ஒரு புள்ளி வைத்து அனுப்பினாள். "அங்க பட்டா நொண்டிக்கிட்டாவது தப்பிச்சு ஓடிடும்ல?" என்று ரகசியம் போலச் சொன்னாள். கண்காணாத காட்டு மானுக்கு அடையாறிலிருந்து உயிர்ப்பிச்சை! விழுந்து விழுந்து சிரித்தேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. கோபமில்லாமல்தான் எழுதியிருந்தார்கள். அங்கே பட்டால் மான் உடனே சாகாது. காயத்தோடு ஓடி, எங்கோ புதரில் கிடந்து வெகுநேரம் துடிக்கும். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் படமே. படித்துவிட்டு அழுதாள். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

அப்புறம் அவள் பிடித்த பிடிவாதம் இருக்கிறதே! மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்காலை ஒட்டிச் சற்றே பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. இதயமும் நுரையீரலும் அங்கேதான். பட்டால் சீக்கிரம் விழுந்துவிடும். முன்னங்காலை முன்னால் எடுத்து வைத்திருந்தால் அந்த இடம் நன்றாகத் தெரியும். அந்தக் கால்தான் அவளுக்குச் சரியாக வரவில்லை.

"ஏங்க, கொஞ்சம் மண்டி போட்டு, கையை ஊனி நில்லுங்களேன்."

தொப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து வீட்டு வேலைக்கு வரும் அக்கா உள்ளே நுழைந்தார்.

"இன்னா சார், வூட்ல கொயந்தகூட இல்ல, யாருக்கு யான ஆட்டம் காட்டிக்கினு கீறீங்க?"

"யானை இல்லக்கா, மான்."

"இந்தத் தொப்பையோடயா?" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுக்கப் போனார்.

மனைவி சிரிக்கவில்லை. என் விலாவில் விரலை வைத்து, "இங்க," என்றாள். விரலை எடுக்கவும் இல்லை.

"அடிக்குதுங்க," என்றாள். "இங்க பட்டா ரொம்ப வலிக்காதுல்ல?"

எனக்கு மானையும் தெரியாது, துப்பாக்கியையும் தெரியாது. "வலிக்காதும்மா," என்றேன். இத்தனை வருஷத்தில் அவள் மேல் அவ்வளவு பிரியம் எனக்கு வந்ததில்லை.

புள்ளியை அந்த இடத்திலேயே வைத்தாள். அதன் கீழே, யாரும் கேட்காமலே, ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதி அனுப்பினாள்: நிச்சயமாகத் தெரியாவிட்டால் சுடாதீர்கள், போக விடுங்கள்.

படம் சரி என்று பதில் வந்தது. அந்த வரியைப் பெரிய எழுத்தாக்கி மேலே போட்டிருந்தார்கள்.