தொப்பூர் ஏற்றத்துக்கு வேண்டிய சார்ஜ்

கார் வருவதற்குப் பத்து நாள் முன்பே வீட்டின் பக்கவாட்டில் குழி வெட்டினோம். எர்த் போடுவதற்கான குழி. வீடு கட்டியபோது போட்ட எர்த் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது மிக்சிக்கும் டிவிக்கும் போதும், எலெக்ட்ரிக் காருக்குப் போதாது என்று எலெக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார். அவர் தர்மபுரி டவுனிலிருந்து பைக்கில் வருபவர், நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் மூன்றடி தோண்டினால் பாறை. மூன்று இடம் மாற்றி, நான்காவது இடத்தில்தான் கடப்பாரை இறங்கியது. அடியில் கரியையும் உப்பையும் கொட்டி, செம்புக் கம்பியை நிறுத்தி மண்ணைத் தள்ளினார் பாய்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் கணவர் கேட்டார்: “ஏன் பாய், இந்தக் குழி காருக்கா, எனக்கா?”

பாய் சிரிக்கவில்லை. “அப்படியெல்லாம் பேசாதீங்கண்ணே” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “அக்கா, நம்மூரு மண்ணுல ஈரம் நிக்காது. வாரத்துக்கு ரெண்டு தடவ இதுல ஒரு குடம் தண்ணி ஊத்திடுங்க. எர்த்து காஞ்சிச்சின்னா சார்ஜரு கரண்ட எடுக்காது.”

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டிருந்தன. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். சோற்றில் ஊற்றும் ரசமும் அந்தக் கணக்கில்தான் சேரும். நான் குழிக்குக் குடத்தைச் சாய்க்கும்போதெல்லாம் அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரே ஒரு முறைதான் வாய்விட்டுச் சொன்னார்: “மண்ணு எப்படிக் குடிக்குது பாரு.” அதன்பிறகு அவர் தூங்கும் நேரம் பார்த்து ஊற்றப் பழகிக்கொண்டேன்.

முப்பது வருடம் லாரி ஓட்டியவர். தொப்பூர் கணவாயில் எந்த வளைவில் எந்த மரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றானபோது தர்மபுரியில் காலியாக ஒரு மெஷின் கிடைக்கவில்லை. காலியானதும் கூப்பிடுகிறோம் என்றார்கள். ஒரு மெஷின் எப்படிக் காலியாகும் என்பது சில மாதங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் சேலம். காலை ஆறரைக்கு அங்கே படுக்கையில் இருக்க வேண்டும்.

முதலில் வாடகைக் காரில்தான் போனோம். போகும்போது ஒன்றும் ஆகாது. நாலு மணி நேரம் ரத்தம் சுத்தமாகி வெளியே வரும்போது மனிதர் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பார். காருக்குள் டீசல் வாடை மூக்கில் ஏறியதுமே குமட்டும். முப்பது வருடம் டீசலிலேயே குளித்த மனிதர், ஓமலூர் தாண்டுவதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து தலையை வெளியே தொங்கப் போடுவார். அதற்காகத்தான் எலெக்ட்ரிக் கார். ஐம்பத்தொன்றாவது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பள்ளியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

கார் வந்த முதல் மாதம், வாங்கும்போது யாரும் சொல்லாததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். மீட்டரிலிருந்து நேராகத் தனி ஒயர் இழுத்து, பதினைந்து ஆம்பியர் சாக்கெட்டும் கோளாறு வந்தால் கரண்டை நிறுத்த அதற்கென்று தனி டிரிப்பரும் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் பிளக் உருகிவிடும். ஒயரைத் தரையில் போட்டால் எலி கடிக்கும் என்று பாய் சுவரில் இரும்புக் கொக்கி அடித்துக் கொடுத்தார். காருக்கு ஸ்டெப்னி கிடையாது. காற்றடிக்கும் சின்ன மெஷினும் பஞ்சர் ஒட்டும் சாமானும் டிக்கியில் இருக்க வேண்டும். கண்ணாடிக்கு வெயில் மறைப்பு. இவையெல்லாம் எல்லாருக்கும் பொதுவானவை. எனக்கென்று சில இருந்தன. கழுவித் துடைக்கிற மாதிரி ரெக்சின் சீட் கவர். மூடி போட்ட வாளி. ஊசி குத்திய இடது கை அலுங்காமல் இருக்க, கதவுக்கும் அவருக்கும் நடுவில் வைக்க ஒரு குட்டித் தலையணை.

முதல் நாள் தொப்பூர் இறக்கத்தில் அவர் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“டீச்சர், பிரேக்க மிதிச்சிக்கிட்டே எறங்காத. சூடேறிப் போயிடும்.”

“பிரேக்க நான் தொடவே இல்லீங்க. கால எடுத்தாப் போதும், அதுவே இழுத்துப் புடிக்குது.”

“அப்படியா?” என்று முன்னால் குனிந்தவர் திரையில் சார்ஜ் அளவைப் பார்த்துவிட்டார். மேலே எழுபத்தாறு சதவீதமாக இருந்தது, அடிவாரத்தில் எழுபத்தெட்டு. “இன்னா டீச்சர் இது, எறக்கத்துல டீசல் ஊறுதா?” என்று கேட்டுச் சிரித்தார். நோய் வந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். திரும்பும்போது அதே கணவாயில் ஏறினோம். கொடுத்ததைப் பல மடங்காகப் பிடுங்கிக்கொண்டது ஏற்றம்.

“இதான் தொப்பூரு” என்றார். “எதையும் சும்மா தராது.”

சேலத்திலிருந்து கிளம்பும்போது முப்பத்தைந்து சதவீதமாவது இருந்தால்தான் பயமில்லாமல் மேலே வந்து வீடு சேரலாம் என்று இரண்டே வாரத்தில் கணக்குப் பிடிபட்டது. வீட்டில் முழுக்க ஏற்றிக்கொண்டு போனால் அதற்குக் குறைவே வராது. கோடை வரும்வரை அப்படித்தான் ஓடியது.

கோடையில் எங்கள் ஊருக்கு வோல்டேஜ் வராது. கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும். ஃபேன் சோம்பலாகச் சுற்றும். விடியற்காலை நாலரைக்கு எழுந்து போய்ப் பார்த்தால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். எப்போது நின்றதோ தெரியாது. பாயை வரச் சொன்னேன். மீட்டரை வைத்துப் பார்த்தார். இருநூற்று முப்பது வோல்ட் வர வேண்டிய இடத்தில் நூற்று அறுபத்தெட்டு.

“ஸ்டெபிலைசர் ஏதாச்சும் போடலாமா பாய்?”

“இவ்வளவு லோடுக்கு அது தாங்காதுக்கா. போட்டாலும், லைன்ல இல்லாதத நான் எங்கேர்ந்து கொண்டார்றது?” மீட்டர் ஒயரைச் சுற்றிக்கொண்டே குற்றம் செய்தவர் மாதிரி நின்றார். “பெரிய டிரான்ஸ்ஃபார்மரு வெச்சாத்தான் உண்டு.”

ஊரில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். நான்தான் எழுதினேன். அவர் டயாலிசிஸில் கிடக்கும் நேரத்தில் சேலத்தில் பைபாஸ் ஓரம் இருந்த சார்ஜிங் இடத்துக்குப் போய் ஏற்றிக்கொண்டு வர ஆரம்பித்தேன். அவருக்கு ரத்தம் ஓடுகிற நேரம், காருக்குக் கரண்ட் ஓடும். நான் ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து கிளம்பும்போதே நாற்பத்தாறுதான் இருந்தது. சேலத்தில் அந்த சார்ஜரின் திரை உறைந்துபோய் நின்றது. கார்டைக் காட்டினேன், பட்டனை அழுத்தினேன், வெயிலில் நின்று போன் செய்தேன். வேறோர் இடத்துக்குப் போனேன். அதற்குப் புதிதாக ஒரு ஆப் இறக்க வேண்டும். ஓடிபி வந்தபோது பாதி நேரம் போய்விட்டது. எனக்கு முன்னால் ஒரு கார் வேறு நின்றிருந்தது. என் முறை வந்து இருபத்தெட்டை எட்டும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவருக்கு பிரஷர் இறங்கிவிட்டது, சீக்கிரமே நிறுத்திவிட்டோம், வாருங்கள் என்றார்கள்.

அவர் சக்கர நாற்காலியில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். “வூட்டுக்குப் போலாம் டீச்சர். படுக்கணும்” என்றார். ஒரு மணி நேரம் இருந்து ஏற்றிக்கொண்டு போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏசியைக் குறைத்து, நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினால் சேர்ந்துவிடலாம் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு எத்தனையோ வருடம் கணக்கு எடுத்தவள்.

ஏற்றம் தொடங்கும்போது பதினொன்று. பாதியில் நான்கு. அதற்குமேல் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கார் நடைவேகத்தில் ஊர்ந்தது. ஓரம் கட்டி நிறுத்தினேன். மதியம் பன்னிரண்டு இருக்கும். ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினேன். எங்களை உரசுவதுபோல் லாரிகள் முனகிக்கொண்டு ஏறின. அவற்றின் கரும்புகை அப்படியே உள்ளே வந்தது. அவர் வாளியைக் கேட்டார். எந்தப் புகைக்குப் பயந்து இந்தக் காரை வாங்கினேனோ அதே புகைக்குள் அவரை உட்கார வைத்துவிட்டு, போனில் உதவி வண்டி கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, வேறொரு வண்டியின் மேல் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும், இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

ஒரு லாரிக்காரர் நிறுத்தினார். நாமக்கல் பக்கத்து ஆள். முதலில் எங்கள் காருக்குப் பின்னால் மரக்கிளையை ஒடித்துப் போட்டுவிட்டு, அதன்பிறகுதான் என்னவென்று கேட்டார்.

“அண்ணன நான் உங்க வூட்டுக்கே கொண்டுபோய் எறக்கி விட்டுடறங்க. இந்த வெயில்ல கெடந்தா ஆகாது” என்றார்.

என் கணவர் எழுந்தார். லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு படியில் காலைத் தூக்கினார். கால் படிக்கு எட்டவில்லை. மறுபடி தூக்கினார். லாரிக்காரரும் கிளீனரும் இரண்டு பக்கமும் கை கொடுத்து, மூட்டையை ஏற்றுவதுபோல் அவரை உள்ளே ஏற்றினார்கள். மேலே உட்கார்ந்ததும் அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். லாரி நகர்ந்தபோதும் என்னைப் பார்க்கவில்லை. நான் காருடன் சாயங்காலம்வரை அங்கேயே நின்றேன்.

திங்கட்கிழமை காலை எழுப்பினேன். எழவில்லை.

“இன்னிக்கு வேணாம்.”

“ஒரு நாள் விட்டாலே தண்ணி கோத்துக்கும்னு தெரியுமில்லீங்க.”

“தெரியும்.”

“அன்னிக்கு நடந்தது என் தப்புதாங்க. இனிமே எவ்வளவு நேரம் ஆனாலும் ஏத்திக்கிட்டுத்தான் கெளம்புவன். எந்திரிங்க.”

“கார் மேல எனக்கென்ன கோவம் டீச்சர்?” மெதுவாகத்தான் சொன்னார். “லாரில ஏத்தறதுக்கு என்ன ரெண்டு பேரு தூக்குனாங்க. அவ்வளவுதான். போதும்.”

அழுதேன், சண்டை போட்டேன். எனக்காக இரண்டு முறை வந்தார். அடுத்த வாரம் ஒரு முறை வந்தார். அதற்குப் பிறகு வரவில்லை. இருதயமும் பலவீனம்தான், டயாலிசிஸுக்கு வந்தாலும் நெடுநாள் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது எனக்கான ஆறுதல் என்று டாக்டர் நினைத்திருக்க வேண்டும். இதற்கிடையில் மழை பிடித்துக்கொண்டது. மோட்டார்கள் நின்றன, வோல்டேஜ் சரியாக வந்தது. எந்த நேரத்தில் மனம் மாறி ‘வா போலாம்’ என்பாரோ என்று தினமும் காரை நூறுவரை ஏற்றிவைத்தேன். தினமும் நூறு ஏற்றக் கூடாது, பேட்டரிக்குக் கெடுதல், எண்பதோடு நிறுத்துங்கள் என்று பாய் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் அவர் போனார். கடைசி இரண்டு நாளும் அளவில்லாமல் தண்ணீர் கொடுத்தேன். அப்போது அவரால் இரண்டு மடக்குக்கு மேல் விழுங்க முடியவில்லை. வாசலில் கார் நூறு சதவீதத்தில் நின்றிருந்தது. தர்மபுரியில் ஒரு மெஷின் காலியாக இருப்பதாகப் பதினைந்து நாள் கழித்துப் போன் வந்தது.

மறுபடி பள்ளிக்குப் போகத் தொடங்கினேன், பஸ்ஸில்தான். போன மாதம் அறிவியல் டீச்சர் எலெக்ட்ரிக் கார் வாங்கப் போவதாகச் சொல்லி, “என்னென்ன வாங்கி வெக்கணும்னு எழுதிக் குடுங்கக்கா” என்று நோட்டை நீட்டினார். எழுதினேன். தனி எர்த், தனி லைன், கொக்கி, காற்று மெஷின், வெயில் மறைப்பு. வீட்டில் கரண்ட் எவ்வளவு வருகிறது என்று சாயங்காலத்தில் ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பாருங்கள் என்பதை மட்டும் அடிக்கோடு போட்டேன். அதற்குமேல் எழுத ஒன்றும் வரவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்த வாரமே என் கார் திறக்கவில்லை. பட்டனை அழுத்தினால் விளக்குகூடச் சிமிட்டவில்லை. பெரிய பேட்டரி நிறைந்தே இருந்தாலும், கதவுக்கும் திரைக்கும் கரண்ட் கொடுக்கிற சின்ன பேட்டரி ஒன்று முன்னால் இருக்கிறது. ஓட்டாமலே வைத்திருந்தால் அது செத்துவிடும். பாய் வந்தார். ரிமோட்டுக்குள்ளிருந்த சாவியை உருவிக் கதவைத் திறந்தார். பானட்டைத் தூக்கி, தன் பையிலிருந்த பேட்டரியிலிருந்து இரண்டு கிளிப்பை மாட்டினார். திரை எரிந்தது.

“சும்மா நிக்க விட்டா இப்படித்தான்கா ஆவும். வாரத்துல ஒரு நாளாச்சும் ஓட்டிடுங்க.”

“எங்க பாய் ஓட்டிக்கிட்டுப் போறது?”

பாய் கிளிப்புகளைக் கழற்றி, ஒயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது ஓட்டுகிறேன். வீட்டிலிருந்து ஹைவே வரைக்கும் போவேன். சேலம் பக்கம் திரும்ப மாட்டேன். சர்வீஸ் ரோட்டில் ஒரு புளியமரம் இருக்கிறது. அதைச் சுற்றி வந்த வழியே திரும்பி வந்து, நிறுத்திப் பூட்டிவிட்டு, உலை வைக்க உள்ளே போகிறேன்.