சூடு தெரியாத கால்

மெர்போக் பக்கம் இருக்கும் பழங்காலக் கோயில் இடிபாடுகளைப் பார்த்து எழுதத்தான் போன மாதம் ஈப்போவிலிருந்து காரை எடுத்தேன். பள்ளித் தோழி சரோ சுங்கை லாலாங்கில் இருக்கிறாள். இரண்டு இரவு அவள் வீட்டில் தங்கல். முதல் நாளே இடிபாடுகளைப் பார்த்தாகிவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டாம் நாள் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று அலோர் ஸ்டார் போவதாகத் திட்டம். "அப்பாவையும் ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போயிரலாம் லா, கால்ல புண்ணு," என்றாள் சரோ. அவள் அப்பா முனியாண்டி மாமா, செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், உண்டு, அதற்கு மாத்திரையும் உண்டு, போடும் பழக்கம்தான் இல்லை.

நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். இடப்பக்கம் ஜெராய் மலை கூடவே வரும், குருன் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல். அன்று நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஏர்கோனைக் கூட்டி வைத்தும் மாமாவின் துணிக்கட்டிலிருந்து ஒரு வாடை வந்துகொண்டே இருந்தது.

மாமா மட்டும் உற்சாகமாக இருந்தார். "இந்த வருசம் தீமிதில நான்தாம்மா முதல்ல எறங்குனேன். சூடே தெரியல. பஞ்சு மேல நடந்த மாதிரி இருந்துச்சு. ஆத்தாளே தாங்கிட்டான்னு கோயில்ல எல்லாரும் கால்ல விழுந்தாங்க."

காலை எட்டு மணிக்கு மேல் அந்த ஆஸ்பத்திரியில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். மாமா அந்தக் காலோடுதான் நடந்தார், என்னைவிட வேகமாக.

இளம் மலாய்க்கார டாக்டரம்மா கட்டை அவிழ்த்தார். பாதத்தின் அடி கறுத்துப்போய், நடுவில் என் கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் குழி. அவர் ஒரு கம்பியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார்.  அலோர் ஸ்டாரில் நல்ல லக்சா நூடுல்ஸ் எங்கே கிடைக்கும் என்று மாமா எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எக்ஸ்ரே வந்ததும் டாக்டர் சரோவையும் என்னையும் வெளியே அழைத்தார். எலும்பு வரை அழுகிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். எனக்கு அது புதுச் செய்தி, சரோவுக்கு இல்லை. கிளினிக்கில் அவளிடம் முன்பே சொல்லியிருக்கிறார்கள். "அப்பாவுக்கு நானே தமிழில் பக்குவமாகச் சொல்கிறேன்," என்று மலாயில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டாள். டாக்டரும் நல்ல மனதோடு ஒப்புக்கொண்டார்.

உள்ளே போய்ச் சரோ சொன்னது இதுதான்: "மயக்க ஊசி போட்டுப் புண்ணைக் கழுவிக் கட்டுவாங்கப்பா. நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம்."

சம்மதமா என்று டாக்டர் மலாயில் கேட்க, மாமா சிரித்துக்கொண்டே "போலே, போலே" என்று தலையாட்டினார். அந்த அறையில் அந்தப் பொய் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். 

"சரோ, அப்பாகிட்ட உள்ளதைச் சொல்லு," என்றேன்.

"நீ சும்மா இரு. சொன்னா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவாரு. செத்துருவாரு."

அவள் பயம் பொய்யில்லை. ஆனாலும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "முழிச்சுப் பாக்கறப்ப கால் இருக்காது. அப்ப யாரு சொல்லுவா?"

குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன். மாமாவுக்குக் காலில்தான் உணர்ச்சி இல்லை, காது நன்றாகவே கேட்கும்.

"யாரு காலு?" என்றார்.

சரோ கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மாமா குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். பிறகு அவரே மலாயில் டாக்டரிடம் கேட்டார்: நெருப்பில் நடந்தேன், சுடவில்லை, அதற்கும் இதுதான் காரணமா? ஆமாம், நரம்பு செத்துவிட்டது, சுட்டது உங்களுக்குத் தெரியவில்லை என்றார் டாக்டர்.

"அப்ப ஆத்தா தாங்கலையா," என்றார் மாமா. 

கொஞ்சம் கழித்துச் சரோவின் தலையில் கை வைத்தார். "வெட்டட்டும். என் காலு தானே, என்னைக் கேட்டிருக்கலாம் லா."

அவள் கண்ணைத் துடைப்பதற்குள் என் பக்கம் திரும்பினார். "போனைக் குடும்மா. எனக்குப் பின்னாடி எறங்குனவன் ரெங்கன். அவனுக்கும் இனிப்புநீரு. அவனும் சுடலைன்னான்." ரெங்கன் எடுத்ததும் தன் காலைப் பற்றி மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. "டேய், அடிக்கால திருப்பிப் பாரு. இப்பவே. ஒனக்குத் தெரியலன்னா பொண்டாட்டியப் பாக்கச் சொல்லு."

மாமா இப்போது வீட்டில் தாங்குகட்டையோடு நடக்கப் பழகுகிறார். ரெங்கன் அண்ணனுக்கு ஒரு கால்விரலை எடுத்ததோடு போயிற்று. சரோ என்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை, பேசுவாள்.

இடிபாடுகளுக்குப் போகிறவர்கள் வெயிலுக்கு முன் போய்விடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், மதியம் அங்கே நிழல் குறைவு. சுங்கை லாலாங் பக்கம் செம்பனைத் தோட்டக் கோயில்களில் தீமிதி பார்க்கக் கிடைத்தால் கும்பிட்டு நில்லுங்கள். இறங்கி வருகிறவர் எனக்குச் சுடவே இல்லை என்று சொன்னால், அவர் காலில் விழுங்கள், விழுந்த கையோடு அந்தப் பாதத்தின் அடியையும் பார்த்துவிடுங்கள்.