வெட்டாத ஏழு நிமிடம்

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசிக் கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரே பேண்டு செட்தான் வரும். அதில் கிளாரினெட் வாசித்தவர் மற்ற நாட்களில் தையல்காரர், என் வயதுதான். அவர் ஊத ஆரம்பித்தால் என் கேமரா மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவர் பக்கம் போய்விடும். அதற்காக மாப்பிள்ளை வீட்டாரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். அப்படித்தான் அந்த பேண்டு செட்டைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்கும் ஆசை வந்தது.

ஒரு வருஷம் அவர்கள் பின்னாலேயே போனேன். கோயில் கொடை, சர்ச் அசன விருந்து, சாவு விழுந்த துஷ்டி வீடு என்று ஒன்றையும் விடவில்லை. இரண்டு வி.சி.ஆர்.களை இணைத்து வீட்டு முன்னறையில் நானே எடிட் செய்தேன். டைப்பிங் தெரிந்த என் மனைவி கதைச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் அடித்துத் தந்தாள். திருவனந்தபுரத்தில் நடக்கும் ஒரு ஆவணப்பட விழாவுக்குக் கேசட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

இரண்டு மாதத்தில் கேசட் திரும்பி வந்தது. கூட மூன்று வரிக் கடிதம். தேர்வாகவில்லை, ஏன் என்று சொல்லவில்லை.

"நமக்குக் கல்யாணந்தான் சரி" என்று கேசட்டை அலமாரிக்குள் தள்ளினேன்.

"வாசிச்சவங்களுக்கு இன்னும் போட்டுக் காட்டவே இல்லையே" என்றாள் மனைவி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேண்டு செட் மொத்தமும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. தங்களைத் தாங்களே பார்த்து ஒரே சிரிப்பு. தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் கிளம்பியதும் கேட்டேன்:

"என்னவே, பிடிக்கலையா?"

"தப்பா நெனைக்கப்படாது அண்ணாச்சி. எல்லாம் வெட்டுத் துணியாக் கெடக்கு. சட்டை எங்கன இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் பைய, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒரு பாட்டாவது முடியுதா? நாங்க தொடங்குதோம், நீங்க வெட்டிருதிய."

இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் எடுத்த கேசட்டுகளை எல்லாம் மறுபடி போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கல்யாண வீட்டில் யாருக்கும் அலுத்துவிடக் கூடாதென்று வெட்டிப் பழகிய கை, இங்கேயும் அதையே செய்திருந்தது.

குறுக்குத்துறை ஆற்றுப் படிக்கட்டில் அவர் தனியாக வாசித்ததை முழுதாக எடுத்திருந்தேன். ஏழு நிமிடம். நடுவில் துணி துவைக்க வந்த ஒரு அம்மா, "அங்கன தள்ளி உக்காருமய்யா" என்று அதட்டுகிறார். இவர் வாயிலிருந்து கிளாரினெட்டை எடுக்காமலே, ஊதிக்கொண்டே இரண்டு படி நகர்ந்து உட்காருகிறார். அது இடைஞ்சல் என்று நினைத்து, முதலில் அரை நிமிடம் மட்டும் வைத்திருந்தேன். இப்போது மொத்தத்தையும் வைத்தேன். அதற்கு இடம் வேண்டுமென்று நான் ஆசைப்பட்டு எடுத்த பலதையும் தூக்கினேன்.

மறுவருஷம் அதே விழாவுக்கு அனுப்பினோம். இந்த முறை கடிதம் மட்டும் வந்தது, கேசட் வரவில்லை. மனைவி வாசலில் நின்றே படித்துவிட்டு, "ஏங்க, கூப்பிட்டிருக்காங்க!" என்று கத்தினாள்.

தையல்காரரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனோம். சின்ன அரங்கம், பாதி நாற்காலி காலி. அந்த அம்மா அதட்டியதும் அரங்கமே சிரித்தது. அதன்பின் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டினார்கள். பக்கத்தில் தையல்காரர் முழங்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பரிசு கிடைக்கவில்லை. ஆனால் வெளியே வந்தபோது ஒருவர், கல்கத்தாவில் நடக்கும் விழாவுக்கும் அனுப்பச் சொல்லி ஒரு விண்ணப்பத்தைத் தந்தார். பஸ் நாகர்கோவில் தாண்டும்போதே மனைவி அதை மடியில் வைத்து நிரப்ப ஆரம்பித்துவிட்டாள்.

ஜன்னலோரம் இருந்த தையல்காரர் திரும்பி, "கல்கத்தாவுக்கு எத்தனை நாள் ரயிலு அண்ணாச்சி?" என்றார்.