ஃபோர்ட்ரான்காரி

பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில்தான் நானும் என் மனைவியும் பழகினோம். நான் கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் சம்பளக் கணக்கும் சரக்கிருப்பும் எழுதுவேன். அவள் ஃபோர்ட்ரானில், சுழலும் தண்டு எந்த வேகத்தில் அதிரும் என்று கணக்குப் போடுவாள். கல்யாணத்துக்குப் பிறகும் எங்கள் சண்டை மொழிகளைப் பற்றித்தான்.

"உங்க கோபோல் ஒரு தொணதொணப்பு. ரெண்டைக் கூட்டறதுக்கு ஒரு பக்கம் பேசுது" என்பாள்.

கணக்குப் பிரிவுக்காரரும் படித்தால் புரிய வேண்டும் என்றே கோபோலை உண்டாக்கினார்கள். அதில் ஒவ்வொன்றுக்கும் முழுநீளப் பெயர் வைப்போம். ஃபோர்ட்ரான் விஞ்ஞானிகளின் சூத்திரங்களுக்காக வந்தது. அதில் ஐ, ஜே, கே என்று ஓரெழுத்தே போதும். பாஸ்கல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் பிறந்தது. அதை வைத்துப் பிழைத்தவரை நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் உலகமே பயந்தது. பழைய நிரல்களில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம், இரண்டாயிரம் பிறந்தால் எல்லாம் குழம்பும் என்றார்கள். அவை பெரும்பாலும் கோபோலில் எழுதியவை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அப்படி என் போன்றவர்களுக்கு அமெரிக்காவில் கிராக்கி வந்தது. இருவரும் சேர்ந்தே அமெரிக்கா போகலாம் என்று அவள் ஆசைப்பட்டாள். சாப்பாட்டு இடைவேளைகளில் என்னிடம் கோபோல் கற்றுக்கொண்டாள்.

ஆள் எடுக்கும் கம்பெனியின் தேர்வு சிவாஜிநகர் பக்கம் நடந்தது. எனக்கு முன்பே எழுதி முடித்தாள். விடையும் சரி. ஆனால் கைப்பழக்கம் விடுமா? பெயர்கள் அத்தனையும் ஐ, ஜே, கே. நாளைக்கு வேறொருவர் இதைப் படித்து எப்படித் திருத்துவார் என்று கேட்டார் தேர்வு நடத்தியவர். என்னை எடுத்தார்கள், அவளை எடுக்கவில்லை. அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

எங்கள் வீடு இருந்த சந்தாபுராவுக்குத் திரும்பும் பஸ்ஸில், "நீங்க போயிட்டு வாங்க. ரெண்டு பேரும் இங்கயே இருந்துக்கினு என்ன பண்றது?" என்றாள். போனேன்.

நான் அங்கே இருக்கும்போதே தொழிற்சாலை ரெடிமேட் மென்பொருள் வாங்கி, அவள் பிரிவை மூடிவிட்டது. புத்தாண்டு பிறந்தது, ஒன்றும் இடிந்து விழவில்லை. வேலை முடிந்ததும் என்னைப் போல் போனவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பெங்களூரில் தெருவுக்குத் தெரு ஜாவா என்ற புது மொழிக்கு வகுப்பு. சேர்ந்து படிக்கலாம் வா என்றேன். அவள் குழம்புக்கு அவரேக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க. எனக்கு யோசனையே அந்த ஐ, ஜே, கே எழுத்துலதான் வருது. ஒவ்வொரு தடவையும் அடுத்தவங்களுக்குப் புரியற மாதிரி மாத்திக்கினு இருக்க என்னால ஆகாது."

நான் வற்புறுத்தவில்லை. என்னைவிட அவள் கெட்டிக்காரி. நான் ஜாவாவும் கற்று, அதற்குப் பின் வந்ததையும் கற்றுப் பிழைத்துக்கொண்டேன். இப்போது கம்ப்யூட்டர் வீட்டுக்கே வந்துவிட்டது. ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுக்கவேண்டும் என்றால் நாற்காலியை எனக்கு நகர்த்திப் போடுகிறாள்.

"நீங்களே பாருங்க. எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"